சுயேச்சைப் பாடகி: யாரிடமிருந்து சுயேச்சை?

அமெரிக்க இசை வியாபாரிகள் இன்று ஒரு கதை சொல்கிறார்கள். ரிக்கார்டு கம்பெனிகளின் காலம் மலையேறிவிட்டதாம். ஒரு கிட்டாரும் ஒரு கைப்பேசியும் இருந்தால் போதுமாம். எந்தப் பெண்ணும் தானே பாட்டு எழுதி, தானே பாடி, தானே விற்று, தானே பணத்தை எண்ணிக்கொள்ளலாமாம். இதற்குச் சாட்சியாக அவர்கள் இழுத்து வரும் பெயர்களில் ஒன்று அனி டிஃபிராங்கோ. பெரிய கம்பெனிகளுக்குத் தலை வணங்காமல் 1990 முதல் பாடி வரும் பாடகி அவர்.

நல்லது. சாட்சியைக் கூண்டில் ஏற்றியே விசாரிப்போம். அவர் வாழ்க்கை இந்தக் கதைக்குச் சாதகமாகப் பேசுகிறதா, எதிராகப் பேசுகிறதா?

உலை அணைந்த ஊர்

அனி 1970-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தார். அவர் சிறுமியாக இருந்த நாளில், 1983-ல், பக்கத்து லாக்கவானாவில் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனி தன் எஃகு உலைகளை அணைத்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களின் அடுப்பும் அதோடு அணைந்தது. அப்படிப்பட்ட ஊரில்தான் அவர் ஒன்பது வயதில் கிட்டார் பிடித்தார். பதினைந்து வயதில் சட்டப்படி தன் காலில் நின்றார். இருபது வயதை ஒட்டி ‘ரைட்டியஸ் பேப் ரிக்கார்ட்ஸ்’ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் ஆல்பம் 1990-ல் வந்தது. ஒலிநாடாக்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மதுக்கடை, காப்பிக்கடை, கல்லூரி மண்டபம் என்று கிடைத்த மேடையில் எல்லாம் பாடினார். கேட்டவர்கள் கையோடு வாங்கிப் போனார்கள். பேர் பரவியது. பெரிய கம்பெனிகள் ஒப்பந்தத்தோடு வந்தன. மறுத்துவிட்டார்.

ஏன் மறுத்தார்? ரிக்கார்டு ஒப்பந்தத்தின் சூட்சுமம் புரிந்தால் காரணம் புரியும். கம்பெனி முன்பணம் தரும். பார்ப்பதற்குப் பரிசு மாதிரி இருக்கும். உண்மையில் அது கடன். பதிவுச் செலவும் அந்தக் கணக்கில்தான் எழுதப்படும். பாடகியின் ராயல்டியிலிருந்து கடன் தீரும் வரை அவர் கைக்குக் காசு வராது. கடன் தீர்ந்த பிறகாவது பாட்டு அவருடையதாகுமா? ஆகாது. மூலப் பதிவு கம்பெனியின் சொத்து. வீட்டுக் கடனை எல்லாம் நாம் கட்டி முடித்த பிறகும் வீடு வங்கிக்கே சொந்தம் என்றால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட நியாயம் இது.

இந்த நுகத்தடியை மாட்டிக்கொள்ளாததன் பலன் எண்ணிலேயே தெரிந்தது. 1990-களின் நடுவில் அமெரிக்கப் பத்திரிகைகள் கணக்குப் போட்டன: கோடிக்கணக்கில் விற்ற ஹூட்டி அண்ட் தி ப்ளோஃபிஷ் குழுவுக்கு ஓர் ஆல்பத்துக்கு 1.25 டாலர், அனிக்கு 4.25 டாலர்.

பணப்பெட்டியைப் பார்த்த கண்கள்

இங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது. பாட்டைக் கேட்காத பொருளாதாரப் பத்திரிகைகள் எல்லாம் அனியைக் கண்டுபிடித்துக் கொண்டாடின. பெண்ணுரிமைப் பத்திரிகையான ‘மிஸ்’ஸும் அதே தாளத்துக்கு ஆடியது. இருபத்தோராம் நூற்றாண்டுக்கான 21 பெண்ணுரிமையாளர் வரிசையில் அவரைச் சேர்த்தது. சேர்த்ததற்கு அவருடைய லாபக் கணக்கைக் காரணமாகச் சொன்னது. 1997-ல் அனி அந்தப் பத்திரிகைக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். நாளைக்கே நான் செத்தால் என் கல்லறையில் கம்பெனி நிர்வாகி என்றா பொறிப்பீர்கள் என்று கேட்டார்.

சரியான சாட்டையடி! ஒரு பெண் எதை எழுதினாள், எதைப் பாடினாள் என்று கேட்காமல், எத்தனை டாலர் சம்பாதித்தாள் என்று மட்டும் கேட்பது பெண்ணுக்குத் தரும் மரியாதையா? சந்தைக்குச் செய்யும் சலாம் அல்லவா அது?

தனி ஆளா, கூட்டமா?

“ஒற்றைப் பெண்ணின் வெற்றி” என்பது இந்தக் கதையின் அடுத்த புளுகு. அனி தன் உறைகளையும் தட்டுகளையும் கூடியவரை பஃபலோவிலுள்ள அச்சகங்களிலும் தொழிற்கூடங்களிலும் செய்வித்தார். இடிபட இருந்த பழைய தேவாலயம் ஒன்றை அவரது நிறுவனம் மீட்டு இசை அரங்கமாக்கியது. பிற கலைஞர்களின் இசையையும் அது வெளியிட்டது. அனாயிஸ் மிட்செலின் ‘ஹேடஸ்டவுன்’ 2010-ல் அங்கேதான் ஆல்பமாக வந்தது. பிறகு நாடகமாகி 2019-ல் எட்டு டோனி விருதுகளை வென்றது.

பாட்டிலும் அவர் தனி ஆள் இல்லை. ‘உலகத் தொழில்துறைத் தொழிலாளர்’ சங்கத்தின் முதிய பாடகரும் கதைசொல்லியுமான யூட்டா பிலிப்ஸோடு 1996-லும் 1999-லும் இரண்டு ஆல்பங்கள் செய்தார். இரண்டாவதன் பெயரே ‘சகத் தொழிலாளர்கள்’. 1931-ல் கென்டக்கியின் ஹார்லன் நிலக்கரிப் போராட்டத்தின்போது ஃப்ளாரன்ஸ் ரீஸ் ஒரு பாட்டு எழுதினார். ஷெரீப்பின் ஆட்கள் அவர் வீட்டில் புகுந்து சங்கத் தலைவரான கணவரைத் தேடிப் போன பிறகு, சுவர்க் காலண்டரின் தாளில் எழுதிய பாட்டு அது. நீ எந்தப் பக்கம் என்று கேட்கும் அந்தப் பாட்டைத்தான் அனி 2012-ல் பீட் சீகரின் பாஞ்சோவோடு புதுப்பித்துப் பாடினார்.

சொந்தக் கம்பெனி வைத்திருப்பதே ஒருவரை எப்போதும் சரியான பக்கத்தில் நிறுத்திவிடுமா? நிறுத்தாது. 2013-ல் அனி, லூயிசியானாவின் நாட்டோவே மாளிகையில் பாட்டெழுதும் முகாம் நடத்துவதாக அறிவித்தார். 1860-ல் 155 பேரை அடிமைகளாக வைத்திருந்த கரும்புத் தோட்டத்தின் மாளிகை அது. கறுப்பினப் பெண்கள் கொதித்தெழுந்தார்கள். முகாம் ரத்தானது, அவருடைய முதல் விளக்கம் சப்பைக்கட்டு என்று கண்டிக்கப்பட்டது, 2014 ஜனவரியில் மன்னிப்புக் கேட்டார். அவரை வழிக்குக் கொண்டுவந்தது எந்தக் கம்பெனியும் இல்லை. பாட்டைக் கேட்ட ஜனங்கள்தான் தட்டிக் கேட்டார்கள்.

புதிய எஜமானர்கள்

இனி கைப்பேசிக் கதைக்கு வருவோம். இன்று பாட்டைப் பதிவு செய்வது மலிவு என்பது மெய். வீட்டு அறையிலிருந்தே உலகத்துக்கு அனுப்பலாம் என்பதும் மெய். ஆனால் அந்த உலகத்தின் வாசலில் உட்கார்ந்திருப்பவர் யார்?

ஸ்பாட்டிஃபை போன்ற மேடையில் ஒரு முறை பாட்டு ஒலித்தால், உரிமைதாரருக்குச் சேர்வது சராசரியாக ஒரு சென்ட்டில் பாதிகூட இல்லை. சுமார் 0.3 சென்ட் என்று வைத்துக்கொண்டால், அனி ஓர் ஆல்பத்தில் பெற்ற 4.25 டாலரைச் சம்பாதிக்க ஒரு பாட்டு 1,400 முறைக்கு மேல் ஒலிக்க வேண்டும். 2024 முதல் இன்னொரு விதி: முந்தைய 12 மாதத்தில் 1,000 முறை ஒலிக்காத பாட்டுக்குப் பதிவு ராயல்டி கிடையாது. ஒலித்தது ஒலித்ததுதான், ஆனால் கூலி பூஜ்யம்! கேட்பவருக்குப் பாட்டைக் கூடுதலாகப் பரிந்துரைக்க வேண்டுமா? ‘டிஸ்கவரி மோட்’ என்று ஒரு திட்டம். அதன்வழி வரும் வருமானத்தில் 30 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். பழைய கையூட்டுக்குப் புதிய சட்டை.

அனியிடம் ஒலிநாடாவும் இருந்தது, விற்பனைப் பெட்டியும் இருந்தது, வாங்குபவரின் முகமும் எதிரே இருந்தது. இன்றைய பாடகிக்குப் பதிவு மட்டுமே சொந்தம். விலை சொல்பவன் வேறு, கணக்கு எழுதுபவன் வேறு, கேட்பவர் யார் என்று அறிந்தவனும் வேறு. பீஸ் ரேட்டுக்கு உழைப்பவருக்குச் “சுயேச்சைக் கலைஞர்” என்று பட்டம் சூட்டினால் கூலி உயர்ந்துவிடுமா?

பெண்களின் நிலை இன்னும் மோசம். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2012 முதல் 2017 வரையிலான 600 பிரபலப் பாடல்களை ஆராய்ந்தது. எழுதியோரில் பெண்கள் 12.3 சதவீதம், தயாரித்தோரில் 2 சதவீதம். கைப்பேசி எல்லாப் பெண்கள் கையிலும் இருந்த ஆண்டுகள்தாம் இவை! கதவு திறந்திருக்கிறது என்கிறீர்களே, உள்ளே போனவர்கள் எங்கே?

வழி என்ன?

ஆயிரம் பேரில் ஒருத்தி தப்பித்ததைக் காட்டி, மற்ற 999 பேரிடம் “உனக்குத் திறமை போதாது” என்பது முதலாளிகளின் பழைய தந்திரம். அனி டிஃபிராங்கோவின் துணிச்சல் போற்றத்தக்கது. ஆனால் துணிச்சல் மட்டுமே வழியாகாது.

அமெரிக்க இசைக்கலைஞர்கள் அதை உணரத் தொடங்கிவிட்டார்கள். 2020-ல் ‘இசைக்கலைஞர்கள் மற்றும் சார்புத் தொழிலாளர்கள் சங்கம்’ பிறந்தது. ஒரு முறை ஒலித்தால் ஒரு சென்ட் கொடு, கணக்கைத் திற என்று கேட்டது. 2024 மார்ச்சில் ரஷீதா த்லைப், ஜமால் போமன் ஆகிய உறுப்பினர்கள் இசைக்கலைஞர் வாழ்வூதிய மசோதாவை அமெரிக்கக் காங்கிரசில் கொண்டுவந்தார்கள்.

ஒரு சென்ட்! இதைக் கேட்பது பேராசையாம். பாட்டு இல்லாமல் ஒரு நாள் அந்த மேடைகள் ஓடட்டுமே, பார்ப்போம்! பாடுகிறவள் இல்லையேல் அங்கே விற்க என்ன இருக்கிறது? பாடகியை மெய்யாகவே சுயேச்சையாக்க விரும்புகிறவர்கள் புகழுரையை நிறுத்திவிட்டுக் கூலியைக் கொடுக்கட்டும். ஹார்லன் சுரங்கத்து வீட்டில் ஃப்ளாரன்ஸ் ரீஸ் கேட்ட கேள்விக்கு அவர்களும் பதில் சொல்லட்டும்.