சேப்பாக்கம் தரும் பாடம்

பழைய விளையாட்டு மைதானங்களைப் புதுப்பிப்பதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. அக்கம்பக்கத்தாரைக் கேளாமலும் தகராறு தீராமலும் கட்டுவதையே கண்டிக்கிறோம்.

சென்னைச் சேப்பாக்கம் மைதானம் 2011-ஆம் வருஷத்து உலகக் கோப்பைக்காகத் திருத்திக் கட்டப்பட்டது. அடுத்த கட்டடத்துக்கு விடவேண்டிய இடைவெளியைப் பற்றிய தகராற்றில் சிக்கி, சுமார் 12,000 ஆசனங்களுள்ள ஐ, ஜே, கே என்னும் மூன்று கேலரிகள் பல வருஷங்கள் பூட்டிக் கிடந்தன. அதனால் 2019-இல் சென்னைக்குரிய ஐ.பி.எல். இறுதி ஆட்டம் ஹைதராபாத்துக்குப் போயிற்று. முன்னரே பேசித் தீர்த்திருந்தால் இந்நஷ்டம் நேர்ந்திராது.

குடிகளைக் கேட்டால் வேலை கெடும் என்பார் உளர். பிரேஸில் தேசத்து ரியோ நகரில், 2014-ஆம் வருஷத்து உலகக் கால்பந்துப் போட்டிக்காக மரக்கானா மைதானத்தைத் திருத்துகையில், பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றை இடிக்கச் சர்க்கார் தீர்மானித்தது. பெற்றோரும் பொதுஜனங்களும் விடாது எதிர்த்தனர். 2013-இல் சர்க்கார் பின்வாங்கிற்று. பள்ளியும் நின்றது, போட்டியும் நடந்தது.

நாளை நமது அகரத்திலோ திண்டுக்கல்லிலோ ஒரு மைதானத்தில் கைவைக்குமுன், திட்டத்தை ஊரார் முன் விரித்துக் காட்டி அவர்கள் சொல்வதைக் கேட்பது அதிகாரிகளின் கடமை. மண்வெட்டி விழுமுன்பே அதை வற்புறுத்துவது தேச ஊழியர்களின் கடமை.