வெய்யில் அடுப்பும் விடியப்புற நித்திரையும்

வளைகுடா வெய்யிலிலை காசில்லாமல் சோறு சமைக்கலாமே எண்டு வருசத்துக்கு ஒருக்கா ஆராவது என்னட்டைச் சொல்லுவினம். மட்டைப்பெட்டி, அலுமினியத் தாள், ஒரு கண்ணாடி. "காம்புகளிலை கிடக்கிற எங்கடை சனத்துக்கு இதைச் செய்து குடுத்தால் என்ன?" நல்ல மனசுக்காரர்தான். ஆனால் வெய்யில் அடிக்கிற நேரம் காம்பிலை ஆர் நிக்கிறான் எண்டு யோசிக்கிறதில்லை.

2007, 2008 ரண்டு வருசமும் நான் சோனாப்பூரிலை இருந்தனான். ஹிந்தியிலை தங்க ஊர் எண்டு அர்த்தமாம். பேர் வைச்சவன் பகிடிக்காரன். அரசாங்கக் கடுதாசியிலை அது முஹைஸ்னா. 2006 ஓகஸ்டிலை ஏ9 பாதை பூட்டினதோடை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலை என்ரை பௌதிகப் படிப்பும் பாதியிலை நிண்டுபோச்சு. துபாயிலை ஒரு சாப்பாட்டுக்கடையிலை கோப்பை கழுவப் போனன், முதலாளி படுக்க இடம் தந்தது அங்கை.

அறையிலை மிச்ச ஒன்பது பேரும் கட்டட வேலை. ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பெடியள். காலமை அஞ்சுக்கு பஸ். குசினியிலை இருக்கிற நாலைஞ்சு காஸ் அடுப்புக்கு வரிசை, அதாலை மூண்டரைக்கு எழும்பினால்தான் சோறு. அதைச் சுடச்சுடக் கரியரிலை அமத்தி மூடிக் கொண்டுபோய்ப் பன்னிரண்டரைக்குத் திறந்தால் சாம்பார் நுரைச்சுப்போய்க் கிடக்கும். கொட்டமாட்டாங்கள், சாப்பிடுவாங்கள். வயித்தாலை போனால் அடுத்த நாள் சம்பளமும் போச்சு.

இண்டைக்கும் எனக்கு றெஸ்ரோறன்ற் குசினிதான் சோறு போடுது. இங்கை எங்களுக்கு முதல் சொல்லித்தாற பாடம், சமைச்ச சாப்பாடு 60 பாகைக்கு மேலை இருக்கவேணும், இல்லாட்டி 5 பாகைக்குக் கீழை. நடுவிலை கனநேரம் கிடந்தால் கிருமி பெருகும். சோத்திலை ஒருக்கால் நஞ்சு உண்டானால் திருப்பிச் சூடாக்கினாலும் சிலது போகாது. அந்தப் பெடியளின்ரை கரியர் ஒவ்வொரு நாளும் எட்டு மணித்தியாலம் அந்த நடுவுக்குள்ளைதான் கிடந்தது.

சரி, பெட்டிக்கு வருவம். ரண்டு மட்டைப்பெட்டி, ஒண்டுக்குள்ளை ஒண்டு. சுத்திவர மூண்டு விரல் இடைவெளி விட்டு, கசக்கின பேப்பரோ பழைய துணியோ அடையுங்கோ. உள்சுவருக்கு அலுமினியத் தாள், ஒட்டக் கோதுமை மாப்பசை காணும். அடியிலை கறுப்புத் தகடு. மேலை இடுக்கில்லாமல் ஒரு கண்ணாடி. வெளிமூடிக்கும் தாள் ஒட்டி, வெளிச்சத்தை உள்ளுக்குத் திருப்பிற மாதிரிச் சாய்ச்சு நிப்பாட்டுங்கோ. சட்டி மெல்லிசா, மூடியோடை, வெளியாலை கரி பிடிச்சதா இருந்தால் திறம். ரெஜிபோம் மட்டும் வேண்டாம், உருகி மணக்கும். தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடைக்குள்ளை ஜாம் போத்தல் விளக்கிலை படிச்ச ஆக்களுக்கு இதெல்லாம் ஒரு வித்தையே?

ஒளி கண்ணாடிக்குள்ளாலை போகும், கறுப்பிலை பட்டுச் சூடாகும், அந்தச் சூடு லேசிலை வெளியாலை வராது. அவ்வளவுதான் தத்துவம். சுவிஸ்காரர் டி சொசூர் 1767 இலை தொடங்கின சோதனை இது, பிறகு திருத்தின பெட்டியிலை 100 பாகையைத் தாண்டினவர். கவனியுங்கோ, காத்துச் சூடு கணக்கில்லை, வெளிச்சம்தான் கணக்கு. ஓகஸ்டிலை தூசி மூடின நாளைவிட ஜனவரியிலை தெளிஞ்ச வானம் நல்லது. ஆனால் டிசம்பரிலை துபாயிலை மத்தியானச் சூரியனே 40 பாகை உயரத்துக்குச் சற்று மேலைதான் நிக்கும், அப்ப சாய்மூடி இல்லாமல் சரிவராது. சோறு, பருப்பு, முட்டை, கிழங்கு எல்லாம் அவியும். தோசை, பொரியல் ஆசை இருந்தால் மறந்துபோடுங்கோ :-)

ஒரு வெள்ளிக்கிழமை லீவிலை மொட்டைமாடியிலை வைச்சுப் பாத்தம். மூண்டு மணித்தியாலத்திலை சோறும் பருப்பும் இறங்கிச்சு. நாலாம் வெள்ளி காம்ப் பொஸ் மொட்டைமாடிக் கதவைப் பூட்டிப்போட்டார். அவர் பூட்டாமல் விட்டிருந்தாலும் கிழமையிலை ஒரு நாள் சமையல்தான். மிச்ச ஆறு நாளும் சூரியன் காம்பிலை, மனிசன் சைற்றிலை.

சாட் நாட்டிலை இரிடிமி எண்ட அகதி முகாமிலை, டார்பூரிலை இருந்து ஓடிவந்த பெண்கள் 2005 க்குப் பிறகு மட்டையும் அலுமினியத் தாளும் வைச்சுத் தாங்களே வெய்யில் அடுப்புச் செய்தவை. விறகுக்கு வெளியாலை போன இடத்திலை அவையைப் பிடிச்சுக் கெடுத்தாங்கள், அதாலை அந்த அடுப்பு மானத்தையும் உயிரையும் காத்த சாமான். அங்கை அது எடுபட்டதுக்குக் காரணம், அடுப்புக்காரி பகலிலை அடுப்புக்குப் பக்கத்திலை நிண்டவ. உந்தக் கதையைச் சோனாப்பூருக்கு அப்பிடியே தூக்கிக்கொண்டு வாற ஆக்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடுகுதில்லை.

என்ரை கருத்து இதுதான். பெட்டியைக் காம்புக்குக் குடுக்காதேங்கோ, சைற்றுக்குக் கொண்டுபோங்கோ. ஊறவைச்ச பருப்பும் அரிசியும் வேற வேறயாக் கொண்டுபோய், தண்ணி விட்டு ஏழு மணிக்குப் பெட்டிக்குள்ளை வைச்சு, பத்துப் பதினொரு மணிச் சூரியன் நிக்கிற பக்கம் பாக்கத் திருப்பிவிட்டால் பன்னிரண்டரைக்குச் சுடச்சுடச் சோறு. இது காஸ் மிச்சம்பிடிக்கிற கதையில்லை. மூண்டரைக்கு எழும்பவேண்டியவன் நாலரை மட்டும் படுப்பான், ஒரு மணித்தியால நித்திரை. சாரத்திலை ஏறி நிக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிசு எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

தூசி படும் எண்டால் கண்ணாடியைத் துடைக்கலாம். நெருப்புப் பிடிக்கும் எண்டு போர்மன் சொல்லுவார், உந்தப் பெட்டிக்குள்ளை மட்டை எரியிற சூடு வராது. இடமில்லை எண்டால்தான் கோவம் வரும். யூன் 15 தொடக்கம் செப்ரெம்பர் 15 வரை பன்னிரண்டரைக்கும் மூண்டுக்கும் இடையிலை வெய்யிலிலை வேலை வாங்கக்கூடாது எண்டு 2005 இலை தொடங்கின சட்டம் அங்கை இருக்கு, நிழல் குடுக்கவேணும் எண்டும் இருக்கு. அந்த நிழல் கொட்டிலுக்குப் பக்கத்திலை வைக்கலாம். பாலைவனத்திலை கண்ணுக்கெட்டின தூரம் சூரியப் பலகை பூட்டி, 2023 இலை உலகக் காலநிலை மாநாடும் நடத்தின ஊருக்கு ஒரு மட்டைப்பெட்டி வைக்க நிலம் இல்லையாமோ?

வாசிக்கிற ஆக்களிலை அங்கை சைற் என்ஜினியரா, சுப்பவைசரா இருக்கிறவை இருப்பியள். உங்களட்டைத்தான் கேக்கிறன். நாலு பேருக்கு ஒரு பெட்டி, இருபது பேருக்கு அஞ்சு, ஒரு வாகனம் விடுற இடம் தாராளம். மட்டையும் உடைஞ்ச கண்ணாடியும் உங்கடை சைற் குப்பையிலையே கிடக்கு.