ஓடோமீட்டர் அறியாத மூப்பு

இருபது முதல் நாற்பது ஆண்டுகளுக்கு முன் விற்பனைக்கு வந்த ஸ்போர்ட்ஸ் கூபேக்களை, அதாவது இரண்டு கதவுகளும் தாழ்ந்து சரியும் கூரையும் வேகத்துக்கென உருவாக்கப்பட்ட எஞ்சினும் கொண்ட கார்களை, இன்று பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வாங்க முன்வருவோரிடம் ஒரு நம்பிக்கை ஏறக்குறைய விதியாகவே ஊன்றிவிட்டது: குறைந்த தூரம் ஓடிய வண்டியே குறையற்ற வண்டி, செலவு வைக்காத வண்டி. விற்பனை விளம்பரத்தின் முதல் வரியில் ஓடிய தூரமே நிற்கிறது. ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையில் உருவான இரு வண்டிகளுள் நாற்பதாயிரம் மைல் ஓடியதற்கும் ஒரு லட்சத்து இருபதாயிரம் மைல் ஓடியதற்கும் பெரும் விலை வேறுபாடு இருக்கிறது. வாங்குபவரும் அந்தக் கூடுதல் தொகையை வருங்காலப் பழுதுகளிலிருந்து தம்மைக் காக்கும் காப்புத்தொகையாகக் கருதுகிறார். இந்த நம்பிக்கை பிழையானது, பிழையானது மட்டுமன்றித் தீங்கானதும்கூட. ஏனெனில் பழைய கூபேயை அழிக்கும் காரணிகளுள் மிகக் கொடியவை தூரத்தைச் சார்ந்தவை அல்ல, காலத்தைச் சார்ந்தவை, அவற்றிலும் சில வண்டி ஓடாமல் நிற்பதாலேயே வளர்பவை.

நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது என்பது விளங்காத செய்தியன்று. வாங்கி மூன்று ஆண்டே ஆன காரில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இன்னும் இளமையோடு இருக்கும். ஆகவே அதன் தேய்மானத்தை அளக்க ஓடிய தூரம் ஓரளவு நேர்மையான அளவுகோல்தான். அந்த அளவுகோலை முப்பத்தைந்து வயது வண்டியின்மேல் அப்படியே வைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. ஓர் எஞ்சினின் உலோக உறுப்புகளைவிட, அவற்றை இணைத்தும் அடைத்தும் சுழற்றியும் நிற்கிற ரப்பர் பட்டைகள், ஆயில் சீல்கள், குழாய்கள், பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் ஆகியவையே முதலில் மூப்படைகின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளைத் தாக்க, அதை மென்மையாக வைத்திருக்கும் சேர்மப் பொருள்கள் மெல்ல வெளியேற, ரப்பர் இறுகி வெடிக்கிறது. இந்த வேதிவினை வண்டி நெடுஞ்சாலையில் ஓடினாலும் நடக்கும், கொட்டகையில் துணி போர்த்தி நின்றாலும் நடக்கும்.

இதற்கு போர்ஷே 944 என்ற கூபேயைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1982 முதல் 1991 வரை, பெரும்பாலும் ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் நகரிலுள்ள ஆடி தொழிற்சாலையில், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உருவான இவ்வண்டியின் 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் தண்டின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் கேம் தண்டுக்குக் கொண்டுசெல்வது ஒரு பல்வெட்டிய ரப்பர் பட்டை. டைமிங் பெல்ட் எனப்படுவது இதுவே. இந்த எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை வெவ்வேறு கணங்களில் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே பட்டை அறுந்தால் அல்லது சில பற்கள் உதிர்ந்தால், திறந்து நிற்கும் வால்வுகளைப் பிஸ்டன் மோதி வளைத்துவிடும், சிலிண்டர் தலையைக் கழற்றி வால்வுகளை மாற்றாமல் எஞ்சின் மீண்டும் உயிர்பெறாது. எஞ்சின் அதிர்வைத் தணிக்கும் இரு சமநிலைத் தண்டுகளைச் சுழற்றுவதற்கு இரண்டாவது பட்டை ஒன்றும் உண்டு. அது அறுந்து முதல் பட்டையில் சிக்கினால் விளைவு அதேதான். தூரம் எட்டாவிட்டாலும் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இரு பட்டைகளையும் மாற்றிவிட வேண்டும் என்பதும், டைமிங் பெல்ட்டால் இயங்கும் தண்ணீர் பம்ப்பையும் உருளைகளையும் முன்பக்க ஆயில் சீல்களையும் அப்போதே பார்த்துவிட வேண்டும் என்பதும் இவ்வண்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனைகளின் பொதுவான அறிவுரை. பத்து ஆண்டுகளில் மூவாயிரம் மைல் மட்டுமே ஓடிய 944ஐ வைத்திருப்பவரோ, “இன்னும் தூரம் வரவில்லையே” என்று பட்டையை மாற்றாமல் விடுகிறார். குறைந்த தூரமே அவருடைய தயக்கத்துக்குக் காரணமாகிறது, அந்தத் தயக்கமே எஞ்சினின் முடிவுக்குக் காரணமாகிறது.

பட்டையோடு இது நிற்பதில்லை. எடையை இரு அச்சுகளிலும் சமமாகப் பகிர்வதற்காக 944இன் எஞ்சின் முன்னேயும் கியர் பெட்டி பின்னேயும் வைக்கப்பட்டு, இரண்டையும் ஒரு நீண்ட குழாய்க்குள் சுழலும் தண்டு இணைக்கிறது. சாலையில் இவ்வண்டி பெற்ற நற்பெயருக்கு இந்த அமைப்பே அடிப்படை. பணிமனையில் அதன் செலவுக்கும் இதுவே அடிப்படை, ஏனெனில் கிளட்ச் தட்டை எட்டுவதற்குப் புகைக்குழாயை இறக்கி, கியர் பெட்டியை அகற்றி, நடுக்குழாயைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. தொழிற்சாலை பொருத்திய கிளட்ச் தட்டின் நடுவே அதிர்வைத் தாங்க ஒரு ரப்பர் வளையம் இருந்தது. உராய்வுப் பரப்பு புதிதுபோலவே இருக்கும்போதும் அந்த வளையம் வயதினால் பிய்ந்து, வண்டி நடுவழியில் நின்றுவிடும். எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதியின் சீல்கள் இறுகிப்போனால் ஆயிலும் கூலன்ட்டும், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமும், ஒன்றோடொன்று கலக்கின்றன; பெட்ரோல் குழாய்கள் வெடித்தால் சூடான எஞ்சின்மேல் எரிபொருள் சொட்டுகிறது, 944 வண்டிகள் தீக்கிரையானதற்கு அறியப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்று. இவற்றுள் எதுவும் மைல் கணக்கைக் கேட்டு நடப்பதில்லை.

அந்தக் கணக்கே நம்பத்தக்கதா என்ற கேள்வியும் இருக்கிறது. 944இன் ஓடோமீட்டர் எண்களைச் சுழற்றும் சிறிய பிளாஸ்டிக் பற்சக்கரம் வயதேற ஏறப் பொடிந்து உதிர்வது இவ்வண்டியை அறிந்தவர் அனைவரும் அறிந்த குறை. பற்சக்கரம் உதிர்ந்தபின் வேகமானி வழக்கம்போல் வேலை செய்யும், தூரக் கணக்கு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஏமாற்ற எண்ணாத உரிமையாளரின் வண்டியில்கூட எண் பொய் சொல்லக்கூடும் என்பதே இதன் பொருள். பிரிட்டனில் மூன்று ஆண்டு கடந்த கார்கள் ஆண்டுதோறும் உட்படவேண்டிய எம்ஓடி தகுதிச் சோதனையில் தூரம் பதிவாகிறது, பழைய பதிவுகளை எவரும் பார்க்கலாம். எனினும் 2018 மே மாதம் முதல், பெரிதாக மாற்றியமைக்கப்படாத நாற்பது வயது வண்டிகளுக்கு அந்தச் சோதனை கட்டாயம் இல்லை. முதல் 944கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. தகுதி பெற்ற ஒருவர் ஆண்டுக்கொருமுறை வண்டிக்கடியில் விளக்கடித்துப் பார்த்த அந்த ஒரே வாய்ப்பும் அவற்றுக்கு இனி உரிமையாளர் மனம்வைத்தால்தான் உண்டு.

நிற்கும் வண்டியில் திரவங்கள் படும் பாட்டையும் சொல்லவேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 என்ற தரத்தைச் சேர்ந்த புதிய திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கவேண்டும், ஈரம் ஏறிய நிலைக்கு அதே தரம் விதிக்கும் எல்லையோ 155 டிகிரிதான். மலைப்பாதையில் வேகமாக இறங்கும் கூபேயில் திரவம் கொதித்து ஆவியானால் மிதிக்கும் பெடல் தரைவரை போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்வது ஓடிய தூரத்தைப் பொருட்படுத்தாமல்தான். பெட்ரோலும் தொட்டியில் மாதக்கணக்கில் நின்றால் கெட்டுப் பிசினாகி இன்ஜெக்டர்களை அடைக்கிறது. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனின் சாதாரண பெட்ரோலில் பத்து விழுக்காடுவரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் நீரை ஈர்ப்பதும் பழைய ரப்பரை அரிப்பதும் சேர்ந்து, நெடுநாள் நிற்கும் தொட்டிகளின் நிலையை மேலும் மோசமாக்குகின்றன. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அது உருவான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். பள்ளங்கள் ஆழமாக, புதிதுபோல் தோன்றும் பதினைந்து வயது டயர், குறைந்த தூரம் ஓடிய கூபேக்களின் மிகப் பரவலான அபாயங்களுள் ஒன்று.

குறைந்த தூரம் பெரும்பாலும் குறும்பயணங்களால் ஆனது என்பதும் கவனிக்கத்தக்கது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது; எஞ்சின் முழுச் சூட்டை எட்டினால் அந்த நீர் ஆவியாகவே வெளியேறிவிடும், எட்டுமுன் அணைக்கப்பட்டால் ஒரு பகுதி புகைக்குழாயிலும் எஞ்சின் ஆயிலிலும் தங்கி, அமிலமாகி, உலோகத்தை அரிக்கும். வெப்பமானி முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதால் ஆயில் சூடாகிவிட்டது என்று எண்ணுவது தவறு, ஆயில் சூடாக அதைவிட நெடுநேரம் ஆகும். வாரம் ஒருமுறை எஞ்சினைக் கிளப்பி ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைப்பவர், வண்டியைக் காப்பதாக நம்பிக்கொண்டே அதை நனைக்கிறார்.

1997இல் அறிமுகமான போர்ஷே 911இன் 996 தலைமுறை இதை வேறொரு வழியில் காட்டுகிறது. அதன் எம்96 எஞ்சினில், கிராங்க் தண்டிலிருந்து சங்கிலிகள் வழியே கேம் தண்டுகளுக்குச் சுழற்சியைக் கடத்தும் ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது உள்ளே கிரீஸ் அடைத்து மூடப்பட்ட ஒரு பேரிங். நாளடைவில் மூடியைக் கடந்து எஞ்சின் ஆயில் உட்புகுந்து கிரீஸைக் கழுவிவிட, பேரிங் சிதைந்தால் எஞ்சின் முழுவதும் பாழாகிறது. இந்தக் குறை அமெரிக்காவில் கூட்டு வழக்காகச் சென்று சமரசத்தில் முடிந்தது. எல்லா வண்டிகளிலும் இது நேரவில்லை, அதே தலைமுறையின் டர்போவும் ஜிடி3யும் வேறு எஞ்சின் கொண்டவை. ஆனால் இவற்றைத் தொடர்ந்து பழுதுபார்க்கும் வல்லுநர் பலரின் கருத்து ஒன்றே: அடிக்கடி ஓட்டப்பட்டு, ஆயில் உரிய காலத்தில் மாற்றப்பட்ட வண்டிகளைவிட, நின்றும் குறும்பயணம் போயும் நாளைக் கழித்த வண்டிகளிலேயே இந்த பேரிங்குக்கு ஆபத்து மிகுதி. அதை எட்ட கியர் பெட்டியையும் கிளட்ச்சையும் இறக்கவேண்டும். நிறைய ஓடிய வண்டியில் கிளட்ச் எப்படியும் ஒருமுறை மாற்றப்பட்டிருக்கும், அப்போதே புதிய பேரிங்கும் பொருத்தப்பட்டிருக்கலாம். கிளட்ச் தேயாத வண்டியில் பழைய பேரிங் அப்படியே காத்திருக்கும்.

ஹிரோஷிமாவின் மாஸ்தா நிறுவனம் 2003 முதல் 2012 வரை உருவாக்கிய ஆர்எக்ஸ்-8இல் பிஸ்டனே கிடையாது. முக்கோண வடிவச் சுழலிகள் இரண்டு, தத்தம் முட்டைவடிவ அறைக்குள் சுழல்கின்றன, சுழலிகளின் முனைகளிலுள்ள அபெக்ஸ் சீல்கள் அறையின் சுவரோடு ஒட்டி அழுத்தத்தைக் காக்கின்றன. அந்த சீல்களை வழுவழுப்பாக வைக்க எஞ்சின் தானே சிறிதளவு ஆயிலை அறைக்குள் செலுத்தி எரிக்கிறது. ஆகவே ஆயில் குறைவது பழுதன்று, அளவைப் பார்க்காமல் விடுவதுதான் பழுது. குளிர்ந்த நிலையில் கிளப்பி, வாசலிலிருந்து கொட்டகைக்கு நகர்த்தி உடனே அணைத்தால், பெட்ரோல் உள்ளே தேங்கி ஆயிலைக் கழுவி, அழுத்தம் குன்றி, வண்டி மீண்டும் கிளம்ப மறுக்கும். உயர் சுழற்சியில் ஓட்டப்படாத எஞ்சினில் கரி படிகிறது. அமெரிக்காவில் இவ்வெஞ்சினுக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என மாஸ்தா நீட்டிக்க நேர்ந்தது என்பதே சிக்கலின் அளவைக் காட்டும். இவ்வண்டியை வாங்குமுன் கேட்கவேண்டியது, ஒவ்வொரு சுழலியின் மூன்று முகங்களிலும் தனித்தனியே எடுத்த அழுத்த அளவு. அதற்கு மாற்றாகத் தூரக் கணக்கை ஏற்பவர் எஞ்சினைப் பற்றி ஒன்றுமே அறியாமல் பணம் கொடுக்கிறார்.

தூரம் தேய்மானத்தைத் தரவே தராது என்று எவரும் வாதிடவேண்டியதில்லை. கியர் மாற்றத்தை இணக்கும் பித்தளை வளையங்கள், பிஸ்டன் வளையங்கள், சக்கர பேரிங்குகள், இருக்கைத் தோல் ஆகியவை ஓட ஓடத் தேய்கின்றன. பிஎம்டபிள்யூவின் இ46 எம்3 கூபேயில் பின் அச்சைத் தாங்கும் சட்டம் பொருந்துமிடத்தில் தரைத்தகடு வெடிப்பதும் பெருமளவு ஓட்டச் சுமையால்தான். ஆனால் இவை ஓசையாலும் உணர்வாலும் கண்ணாலும் முன்கூட்டியே வெளிப்படுபவை. வெடிப்பை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் காணலாம், தேய்ந்த கியரைப் பத்து நிமிட ஓட்டத்தில் அறியலாம். காலத்தால் இறுகிய பட்டையோ கடைசி நொடிவரை நலமாகவே தோன்றும்.

செலவுக் கணக்கும் நம்பிக்கைக்கு எதிராகவே நிற்கிறது. பட்டை மாற்றம், பிரேக் ஆயில், கூலன்ட், டயர், ஆண்டுக்கொருமுறை எஞ்சின் ஆயில், காப்பீடு, நிறுத்துமிடம் ஆகியவை காலத்துக்குக் கட்டுப்பட்ட செலவுகள். ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவரும் பத்தாயிரம் ஓட்டுபவரும் இவற்றுக்கு ஏறத்தாழ ஒரே தொகையைத் தருகிறார்கள், எனவே முன்னவருக்குக் கிலோமீட்டர் ஒன்றுக்கு விழும் செலவு பத்து மடங்கு. இச்செலவைத் தவிர்த்தவரின் வண்டியை வாங்குபவர், குறைந்த தூரத்துக்கென்று கூடுதல் விலையும் தந்து, தேங்கிய பணிகளின் முழுத் தொகையையும் முதலாண்டிலேயே தருகிறார். இதில் பலர் எதிர்பாராதது, வண்டியின் சந்தை விலை வீழ்ந்தாலும் அதன் உதிரிபாகங்களும் பணிமனைக் கூலியும் புதிதாக விற்ற காலத்து வகுப்பிலேயே நிற்கும் என்பது. சிறு காரின் விலைக்கு வாங்கிய போர்ஷேக்கும் வேண்டுவது போர்ஷேயின் கிளட்ச்தான்.

மனம் பொறுக்காத அநீதி இதற்கும் அப்பால் இருக்கிறது. ஒவ்வொரு பட்டை மாற்றத்துக்கும் தேதியிட்ட ரசீது வைத்து, கசியும் சீல்களை உடனுக்குடன் மாற்றி, வண்டியை அது படைக்கப்பட்ட வேலைக்கே பயன்படுத்திய உரிமையாளர் விற்க வரும்போது, அவருடைய உழைப்புக்குச் சந்தை தரும் பதில் “தூரம் அதிகம்” என்பது மட்டுமே. இந்த அச்சத்தால் பலர் தம் கூபேயை ஓட்டுவதையே நிறுத்திவிடுகிறார்கள். முழு வண்டியாகக் கிடைக்கும் விலையைவிடப் பிரித்து விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நிலை வந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த 944கள் பல, தூரம் மிகுந்தவை என்பதற்காகவே பிரிக்கப்பட்டன. பட்டை அறுந்த குறைந்த தூர வண்டிகளுக்குச் சிலிண்டர் தலை தேடி வருபவர்களுக்கு இன்றும் உதவுபவை அப்படிப் பிரிக்கப்பட்ட வண்டிகளின் உறுப்புகள்தாம். விளம்பரங்களில் பட்டை மாற்றிய தேதியும் டயரின் வயதும் பிரேக் ஆயில் மாற்றிய மாதமும் தூரக் கணக்குக்கு மேலே அச்சிடப்பட்டிருந்தால் பிரிக்கப்பட்ட அந்த வண்டிகளுள் பெரும்பகுதி சாலையிலேயே இருந்திருக்கும்.