கொடுக்க வருபவர்களைத் தடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்விக்குத் தனியார் கொடையை ஊக்குவிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அதைக் கொண்டுவந்த அரசே, கொடுப்பவர்களுக்கு இருந்த வரிச்சலுகைகளை ஒவ்வொன்றாகக் குறைத்து வருகிறது. கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைக் கண்டித்து எழுதுகிறேன்.

அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் அறிவியல் ஆராய்ச்சிக்கு ஒரு தொழில் நிறுவனம் 100 ரூபாய் கொடுத்தால், வருமானத்தில் 175 ரூபாயைக் கழித்துக்கொள்ள முன்பு சட்டம் இடம் தந்தது. 2017 ஏப்ரலில் அது 150 ஆனது. 2020 ஏப்ரலில் 100 ஆனது. 22 சதவீத வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு அந்தக் கழிவும் கிடையாது. மாதச் சம்பளக்காரர்களின் நிலையும் இதுதான். நன்கொடையில் ஒரு பகுதிக்கு வரிவிலக்கு தந்த 80ஜி சலுகை, புதிய வரி முறையில் இல்லை. அந்தப் புதிய முறைதான் இன்று எல்லோருக்கும் இயல்பான முறை. படித்த துறைக்கு ஆண்டுதோறும் பத்தாயிரம் ரூபாய் கொடுக்க நினைக்கும் பழைய மாணவர், அந்தப் பத்தாயிரத்துக்கும் வரி கட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இதில் வேதியியல் துறை ஏன் அதிகம் அடிபடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். இங்கே ஒருமுறை வாங்கி வைத்தால் முடிந்தது என்ற பேச்சே இல்லை. கரைப்பான்கள் தீரும். கண்ணாடிச் சாமான்கள் உடையும். கழிவு ரசாயனங்களை முறையாக அப்புறப்படுத்தப் பணம் வேண்டும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியின் காந்தத்தைக் குளிர்விக்க, மைனஸ் 269 டிகிரியில் இருக்கும் திரவ ஹீலியம் வேண்டும். அதைக் குறித்த காலத்தில் நிரப்பாமல் விட்டால் காந்தம் செயலிழந்து, கோடிக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிய கருவி முடங்கிவிடும். ஹீலியத்துக்கோ நாம் இறக்குமதியை நம்பியிருக்கிறோம். கருவி வாங்கத் திட்ட நிதி கிடைத்துவிடுகிறது; அதை ஓட்டும் செலவுக்குத்தான் யாரிடமும் பணம் இல்லை. அதனால், சோதனைக்குழாயில் தாமே கலந்து பார்க்க வேண்டியதை, பத்துப் பேர் சூழ்ந்து நின்று ஒருவர் செய்வதைப் பார்த்துவிட்டுப் பட்டம் வாங்குகிறார்கள் பிள்ளைகள்.

கொடையால் ஒரு வேதியியல் துறை எவ்வளவு உயரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கொல்கத்தா பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி, தாரக்நாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் என்ற இரண்டு வழக்கறிஞர்களின் கொடையில் எழுந்தது. அங்கே பாலித் பெயரிலான வேதியியல் பேராசிரியராக 1916இல் சேர்ந்த பிரபுல்ல சந்திர ராய், 1921இல் அறுபது வயதானபோது, பணியில் இருக்கப்போகும் மீதிக் காலத்துச் சம்பளம் முழுவதையும் வேதியியல் துறை வளர்ச்சிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் என எழுதிக்கொடுத்தார். நம் பக்கத்தில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. கொடுக்கும் மனம் நம்மிடம் இல்லாமல் போய்விடவில்லை. கொடுக்கும் வழியைத்தான் அடைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடைப்பு டெல்லியில் மட்டும் இல்லை. துறைக்கென்று கொடுத்த பணம் பல்கலைக்கழகத்தின் பொதுக்கணக்கில் போய்ச் சேர்ந்தால், அதை ஒரு பாட்டில் அசிட்டோன் வாங்க வெளியே எடுப்பதற்குள் கல்வியாண்டே முடிந்துவிடும். தாம் கொடுத்தது என்ன ஆனது என்று தெரியாதவர் மறுமுறை கொடுக்க மாட்டார். முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் ஒன்று சொல்வேன். பெயர் பொறித்த வளைவும் கலையரங்கமும் போதும். வட்டியிலிருந்து ஆண்டுதோறும் ஆய்வகச் செலவைப் பார்த்துக்கொள்ளும் வைப்பு நிதியை ஏற்படுத்துங்கள்.

என் கோரிக்கைகள் மூன்று. பொதுப் பல்கலைக்கழகங்களின் அறிவியல் துறைகளுக்குத் தரும் நன்கொடைக்கு, புதிய வரி முறையிலும் மத்திய அரசு விலக்குத் தர வேண்டும். துறைக்கென வரும் கொடையைத் தனிக் கணக்கில் வைத்து, துறைத்தலைவர் பொறுப்பில் செலவிட மாநில அரசு விதி செய்து, வரவு செலவை ஆண்டுதோறும் வெளியிடச் செய்ய வேண்டும். லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடக் கடமைப்பட்ட மருந்து, உரம், சாய நிறுவனங்கள் அதில் ஒரு பங்கைப் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்குத் தர வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை அதை அனுமதிக்கிறது. அவர்களுக்கு வேலைக்கு வரும் வேதியியலாளர்கள் இந்த ஆய்வகங்களில் உருவானவர்கள்தானே.

2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களின் இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தினார்கள். அறிவியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும், சில நாட்களிலேயே ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்குப் பழைய வரியே திரும்பியது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம். வேதியியல் படித்த ஒவ்வொருவரும் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இந்தக் கோரிக்கைகள் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி