பதினேழாம் பிரிவும் பதவி அரசியலும்

அணுமின் உலையில் விபத்து நேர்ந்தால், பழுதான கருவியை விற்ற நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்க வேண்டுமா? இந்த எளிய கேள்விக்கு முதலாளித்துவக் கட்சிகள் 2008 முதல் அளித்துவரும் விடைகளை அடுக்கிப் பார்த்தால், நாடாளுமன்றத்தில் இருக்கை மாறியபோதெல்லாம் விடையும் மாறியிருப்பது விளங்கும்.

அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து, 2008 ஜூலை 8 அன்று இடதுசாரிக் கட்சிகள் மன்மோகன் சிங் அரசுக்கு அளித்துவந்த ஆதரவை விலக்கிக்கொண்டன. அதுவரை ஒப்பந்தத்தை எதிர்த்துவந்த சமாஜ்வாதிக் கட்சி, அப்துல் கலாமைச் சந்தித்துவிட்டு வந்து, நாட்டு நலன் கருதி ஆதரிப்பதாக அறிவித்தது. திமுகவும் பாமகவும் அரசின் பக்கமே நின்றன. ஜூலை 22 அன்று 275க்கு 256 என்ற கணக்கில் அரசு பிழைத்தது. மக்களவையில் பணக்கட்டுகள் தூக்கிக் காட்டப்பட்ட நாளும் அதுவே. எதிர்த்து வாக்களித்த பாஜகவோ, அமெரிக்காவுடன் அணுத்துறை ஒத்துழைப்புக்கான பாதையை 2004 ஜனவரியில் திறந்துவிட்டது வாஜ்பாய் அரசுதான் என்பதை வசதியாக மறந்திருந்தது.

இரண்டாண்டு கழித்து அணு விபத்து இழப்பீட்டு மசோதா வந்தது. போபால் விஷவாயு வழக்கில் 2010 ஜூனில் வெளியான தீர்ப்பு, குற்றவாளிகளுக்கு வெறும் இரண்டாண்டுத் தண்டனை விதித்து நாட்டையே கொதிக்கச் செய்திருந்த நேரம் அது. விற்பனையாளரைப் பொறுப்பாக்கும் 17ஆம் பிரிவின் உட்கூறுகளுக்கு இடையே ‘மற்றும்’ என்ற ஒற்றைச் சொல்லை நுழைத்து, அந்த உரிமையையே செயலற்றதாக்க அரசு முயன்றது. அது அம்பலமானதும், தீங்கிழைக்கும் உள்நோக்கம் இருந்தால்தான் பொறுப்பு என்று திருத்திப் பார்த்தது. இடதுசாரிகளும் பாஜகவும் எதிர்த்ததால் இரண்டும் கைவிடப்பட்டன. பழுதான கருவி தந்தவரிடம் இழப்பீட்டைத் திரும்பக் கோரும் 17(ஆ) பிரிவு அவ்வாறே சட்டத்தில் நிலைபெற்றது.

அந்தப் பிரிவுக்குத் தானும் காவலன் என்று அன்று காட்டிக்கொண்ட பாஜக, ஆட்சிக்கு வந்ததும் என்ன செய்தது? 2015 ஜனவரியில் ஒபாமா வந்து சென்ற கையோடு, அப்பிரிவின் கூர்மையை மழுக்கும் விளக்கக் குறிப்பை வெளியுறவு அமைச்சகம் வெளியிட்டது. விற்பனையாளரின் இடரைச் சுமக்க 1,500 கோடி ரூபாய்க் காப்பீட்டுத் தொகுப்பு உருவாக்கப்பட்டது. 2025 பட்ஜெட்டில், 2047க்குள் 100 கிகாவாட் அணுமின்சாரம் என்ற இலக்கோடு சட்டத் திருத்தமும் அறிவிக்கப்பட்டது. அந்த டிசம்பரில் 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தையும் 2010ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தையும் ஒருசேர நீக்கும் ‘சாந்தி’ சட்டம் சில நாட்களுக்குள் இரு அவைகளையும் கடந்தது. தனியாருக்குக் கதவு திறந்தது. 17(ஆ) மறைந்தது. எழுத்து மூல ஒப்பந்தத்தில் இடம்பெற்றால், அல்லது ஒருவர் வேண்டுமென்றே தீங்கு செய்திருந்தால் மட்டுமே இழப்பீட்டைத் திரும்பக் கோரலாம். 2010இல் காங்கிரஸ் அரசால் நுழைக்க முடியாததை, அன்று எதிர்த்த கட்சியே நிறைவேற்றிவிட்டது. 2008இல் மன்மோகன் அரசுக்கு எதிராக வாக்களித்த தெலுங்கு தேசம், அமெரிக்க உலைகளுக்கென ஒதுக்கப்பட்ட கொவ்வாடா தன் மாநிலத்திலேயே இருக்க, இன்று மோடி அரசின் தூணாக நிற்கிறது.

மாநில ஆட்சியாளர்களும் இதற்கு விலக்கல்லர். கூடங்குளம் மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்துமாறு 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அமைச்சரவை தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவில் இடைத்தேர்தல் முடிந்தது. மறுநாளே உலையைத் திறக்கப் பச்சைக்கொடி காட்டப்பட்டது.

இந்தப் பேரத்தின் சுமை யார் தலையில் விழும்? திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வந்து இறங்கும் காய்கறி, தென் தமிழக மண்ணில் விளைவது. கூடங்குளத்துக்கும் அக்கடைத்தெருவுக்கும் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. கதிர்வீச்சுக்கு மாநில எல்லை தெரியாது. மீனவர், விவசாயி, சுமைதூக்கும் தொழிலாளி ஆகியோரே முதலில் வாழ்விழப்பர். போபாலில் யூனியன் கார்பைடு 47 கோடி டாலரைக் கொடுத்துவிட்டுக் கைகழுவியது. இனி வரும் விற்பனையாளர் அதைக்கூடக் கொடுக்கத் தேவையில்லை.

இடதுசாரி இயக்கத்துக்கும் இதில் பாடம் உண்டு. அமெரிக்க உலைக்கு ஓர் அளவுகோல், ரஷ்ய உலைக்கு வேறோர் அளவுகோல் என்ற தயக்கம் கூடங்குளப் போராட்ட நாட்களில் நம் அணிகளிலும் தென்பட்டது. ஏகாதிபத்திய எதிர்ப்பும் மக்களின் பாதுகாப்பும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. கரையோர மக்களோடு நில்லாமல் அவையின் எண்ணிக்கையை மட்டும் நம்பிய எதிர்ப்பு, அந்த எண்ணிக்கை சரிந்த அன்றே முடிந்துபோகும் என்பதை 2008 ஜூலை 22 காட்டிவிட்டது.

எனவே தேர்தல் உடன்பாடு பேச வரும் ஒவ்வொரு கட்சியிடமும் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: நீங்கள் ஆட்சியில் அமர்ந்தால் 17(ஆ) பிரிவை மீண்டும் கொண்டுவருவீர்களா? விடை எழுத்தில் வேண்டும். கிளைகள்தோறும் அது மக்கள்முன் வைக்கப்பட வேண்டும். அந்தக் கட்சி இருக்கை மாறும் நாளில், எழுதிக் கொடுத்ததைக் காட்டிக் கணக்குக் கேட்க வேண்டியவர்கள் அந்த மக்களே.