காண்பதற்கும் ஓர் எல்லை உண்டு





நம் வாலிபர் ஐக்கியத்தார் வருகிற விடுமுறையில் அரிசோனாவுக்கும் யூட்டாவுக்கும் சென்று, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் நடந்து, அங்குள்ள சிவந்த பாறைவெளிகளைப் படம்பிடித்து வர விரும்புகிறார்கள். இதைக் குறித்துச் சபையில் இரண்டு விதமான பேச்சு எழுந்திருக்கிறது. அந்த நாட்களை உபவாச ஜெபத்தில் செலவிட்டால் ஆகாதா என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். ஊர் பார்க்கப் போகிற இடத்தில் வேதமும் ஜெபமும் எதற்கு என்று இளையோர் சிலர் கேட்கிறார்கள். கேள்விகள் வேறானாலும் இவற்றுக்கு அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே என்பது என் கருத்து. வனாந்தரத்தில் நடப்பதற்கும் படம் எடுப்பதற்கும் விசுவாசத்தோடு சம்பந்தமில்லை என்பதே அந்த எண்ணம். அதை நான் ஏற்கவில்லை. நம் பிள்ளைகள் போகட்டும். ஆனால் எப்படிப் பார்ப்பது, எந்த இடத்தில் நிற்பது என்பதைக் கற்றுக்கொண்டு போகட்டும்.

யாத்திராகமம் 3-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மோசே தன் மாமனாருடைய ஆடுகளை மேய்த்துக்கொண்டு ஓரேப் மலையடிவாரத்துக்கு வருகிறார். அங்கே ஒரு முட்செடி எரிகிறது, ஆனால் கருகிப்போகவில்லை. மேய்ப்பனுக்கு வேலை இருந்தது. ஆடுகளை விட்டுவிட்டு ஒரு செடியைப் பார்க்க நிற்பது வீண் என்று அவர் எண்ணியிருக்கலாம். அவரோ வழியை விட்டுத் திரும்பி, அது என்னவென்று பார்க்கப் போனார். அவர் அப்படித் திரும்பினதைக் கர்த்தர் கண்ட பிறகே அவரைப் பெயர் சொல்லி அழைத்தார் என்று வேதம் கவனமாகச் சொல்கிறது. காண வேண்டும் என்ற மோசேயின் ஆவலைக் கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை. அழைத்த மறுகணமே ஓர் எல்லையை மட்டும் வைத்தார். இதற்கு மேல் கிட்டி வரக்கூடாது, காலில் இருப்பதைக் கழற்ற வேண்டும் என்றார். பார்க்கத் திரும்புவதும், சொன்ன இடத்தில் நிற்பதும் சேர்ந்ததுதான் மோசேயின் ஆராதனை. முதலாவதைப் பெரியவர்கள் மறக்க வேண்டாம். இரண்டாவதை இளையோர் மறக்க வேண்டாம்.

முதலில் பெரியவர்களோடு பேசுகிறேன். நல்ல படம் எடுப்பது நீங்கள் நினைப்பதுபோல் விளையாட்டு அல்ல. ஆன்சல் ஆடம்ஸ் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 1941-ஆம் ஆண்டு நியூ மெக்சிகோவில் எடுத்த ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. அன்று பகல் முழுவதும் மனதுக்கு நிறைவான படம் ஒன்றும் கிடைக்காமல் அவர் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரைக் கடக்கும்போது, மலைகளுக்கு மேலே நிலவு எழுந்திருப்பதைக் கண்டார். கீழே ஒரு சிறிய ஆலயம். அதன் கல்லறைத் தோட்டத்தில் இருந்த சிலுவைகள் அஸ்தமன வெயிலில் வெண்மையாக ஒளிர்ந்தன. அவசரமாகக் காரை நிறுத்திக் கருவிகளை எடுத்தபோது, வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானியைக் காணவில்லை. நிலவின் ஒளி அளவு அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். அதை வைத்தே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்கு ஆயத்தமாவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் மறைந்துவிட்டது.

அந்த ஒரு படத்துக்குப் பின்னால் எத்தனை ஆண்டுகளின் பழக்கம் இருந்திருக்க வேண்டும்! ஒளிமானியைத் தேடிக்கொண்டே நின்றிருந்தால் அந்தக் காட்சி கைதப்பிப் போயிருக்கும். ஜெபத்தைக் குறித்து நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதும் இதுதானே? விடியுமுன் எழுந்திருக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், வருகிற வேளையை அறிந்துகொள்ள ஆயத்தமாயிருக்க வேண்டும். ஒரு பாறையின் மேல் வெளிச்சம் விழுவதற்காக இருட்டில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்காரப் பழகின வாலிபனுக்கு, வேத வசனத்தின் முன் பேசாமல் உட்காருவது கடினமாக இராது. நம் ஆண்டவரும் அதிகாலையில் வனாந்தரமான இடத்துக்குத் தனித்துப் போய் ஜெபித்தார். களைத்துப்போன சீஷரை அப்படிப்பட்ட இடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறும்படி அழைத்தார். ஆகவே வனாந்தரத்துக்குப் போகிறவர்களைச் சபையை விட்டுப் போகிறவர்களாக எண்ண வேண்டாம்.

இனி இளையோரே, உங்களோடு பேசுகிறேன். அரிசோனாவில் பேஜ் என்னும் ஊருக்கு அருகே ஹார்ஸ்ஷூ பென்ட் என்னும் இடம் இருக்கிறது. கொலராடோ ஆறு குதிரை லாடம்போல வளைந்து ஓடுவதை ஏறத்தாழ 300 மீட்டர் உயரமான பாறை விளிம்பிலிருந்து பார்க்கலாம். அந்த விளிம்பின் ஒரு பகுதியில் மட்டுமே தடுப்புக் கம்பி உண்டு. கம்பியின் பின்னால் நின்றாலும் ஆறு முழுமையாகத் தெரிகிறது. ஆனாலும் கம்பியில்லாத பக்கம் போய், விளிம்பில் காலைத் தொங்கவிட்டு, பள்ளத்தைப் பின்னால் வைத்துத் தங்களையே படம் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இப்படிப்பட்ட விளிம்புகளில் தவறி விழுந்து மாண்டவர்களும் உண்டு. அங்கே பார்க்கப்படுவது ஆறும் பாறையும் அல்ல. தன் படத்தைப் பிறர் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்குப் பாறை ஒரு திரைச்சீலை ஆகிவிடுகிறது.

சாத்தான் நம் ஆண்டவரைத் தேவாலயத்தின் உப்பரிகைக்குக் கொண்டுபோனதை மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். குதித்துக் காட்டும்படி அவன் தூண்டினபோது வேத வசனத்தையே துணைக்கு அழைத்தான். தேவதூதர்கள் காப்பார்கள் என்ற 91-ஆம் சங்கீதத்தின் வாக்குத்தத்தத்தைத்தான் அவன் எடுத்துச் சொன்னான். இயேசு குதிக்கவில்லை. பிதாவின் பாதுகாப்பை நம்புவது ஒன்று, அதைச் சோதித்துப் பார்ப்பது வேறொன்று என்பதை அவர் அறிந்திருந்தார். விளிம்பில் நின்றுகொண்டு கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்வதை நான் விசுவாசம் என்று சொல்லமாட்டேன். உப்பரிகையில் கேட்ட குரல்தான் அங்கேயும் பேசுகிறது.

கிராண்ட் கேன்யனிலும் இதே சோதனை வேறு உருவத்தில் வரும். நாம் அறிந்த மலைகளில் பலம் இருக்கும்போது முதலில் ஏறுகிறோம், களைத்தபின் இறங்குகிறோம். அங்கே எல்லாம் தலைகீழ். தெற்கு விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் குளிர்ந்த காற்றில் உற்சாகமாக இறங்கிவிடலாம். 300 மீட்டர் இறங்கும்தோறும் வெப்பம் சுமார் 3 டிகிரி செல்சியஸ் கூடுகிறது. கோடையில் ஆற்றங்கரையில் 40 டிகிரியைத் தாண்டும். களைத்துப்போன கால்களோடு, வெயில் உச்சியில் இருக்கும்போது, இறங்கின அத்தனை தூரமும் திரும்ப ஏற வேண்டும். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோரைப் பூங்கா அலுவலர்கள் மீட்க வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் ஆறு வரை இறங்கித் திரும்ப முயலாதீர்கள், கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை பள்ளத்தாக்கின் உள்ளே நடக்காதீர்கள் என்று அவர்கள் எச்சரிக்கிறார்கள். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு உப்புள்ள உணவை விட்டுவிட்டாலும் உயிருக்கு ஆபத்து. இந்த எச்சரிக்கைகளுக்குக் கீழ்ப்படிவது கோழைத்தனம் அல்ல, தாழ்மை. தாகத்தில் மயங்கின ஒருவனைத் தூக்கிவர நான்கு பேர் தங்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டும். என் துணிச்சலின் விலையை என் அயலான் கொடுக்கிறான் என்றால், அந்தத் துணிச்சல் அன்புக்கு விரோதமானது.

ஆன்டலோப் கேன்யனை உங்களில் பலர் படங்களில் பார்த்திருப்பீர்கள். வெள்ளம் குடைந்த குறுகிய பாறை இடுக்கு அது. மேலிருந்து வரும் வெயில் சுவரிலிருந்து சுவருக்குப் பட்டுத் தெறித்து, கீழே இறங்க இறங்கச் செம்மஞ்சளும் சிவப்பும் ஊதாவுமாக மாறும். 1997-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் தேதி அங்கே சுற்றுலாப் பயணிகள் 11 பேர் திடீர் வெள்ளத்தில் மாண்டுபோனார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெருமழை பெய்யவில்லை. பல மைல்களுக்கு அப்பால் கொட்டின மழை அந்த இடுக்கின் வழியே சீறிவந்தது. அந்தச் சுவர்களை அழகாகச் செதுக்கினதும் இதே வெள்ளந்தான். அழகைக் கண்டு மயங்கும் கண்ணுக்கு வானத்தை ஏறிட்டுப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். அந்த மண்ணை அறிந்த வழிகாட்டி இன்று வேண்டாம் என்று சொன்னால், கட்டின பணத்தை எண்ணாமல் திரும்பிவிட வேண்டும்.

அந்த வழிகாட்டிகள் யார் என்பதையும் அறிந்துகொண்டு போங்கள். ஆன்டலோப் கேன்யனும், திரைப்படங்களில் நாம் கண்ட மான்யுமென்ட் வேலியும் நவாஹோ மக்களின் நிலம். 1864-ஆம் ஆண்டு அமெரிக்கப் படை அவர்களில் ஆயிரக்கணக்கானோரைத் தங்கள் ஊர்களிலிருந்து பிடுங்கி, நியூ மெக்சிகோவின் கிழக்கே இருந்த பாஸ்க் ரெடோண்டோவுக்கு நூற்றுக்கணக்கான மைல் நடத்திக்கொண்டு போனது. வழியிலும் சிறையிருப்பிலும் அநேகர் மாண்டார்கள். 1868-ஆம் ஆண்டின் ஒப்பந்தத்துக்குப் பின்னரே மீந்தவர்கள் வீடு திரும்பினார்கள். சீயோனை நினைத்து அழுத சிறையிருப்பின் ஜனத்தைக் குறித்து வாசிக்கிற நமக்கு இந்தச் சரித்திரம் அந்நியமாக இருக்கக்கூடாது. அவர்கள் திரும்பிவந்த மண்ணில் நாம் விருந்தாளிகள். அனுமதி கேளாமல் அவர்களுடைய முகங்களையும் வீடுகளையும் படம் எடுக்க நமக்கு உரிமையில்லை. ஒருவர் வேண்டாம் என்று கையசைத்தால் கைபேசியைத் தாழ்த்துங்கள். ஓரேப்பில் மோசேக்குச் சொல்லப்பட்ட எல்லை சில வேளை ஒரு வயதான தாயின் கையசைவாகவும் நமக்கு வரும்.

மண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. யூட்டாவின் ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பூங்காக்களில் பாதையோரத்து மணலின் மேல் கருமையான, சொரசொரப்பான ஒரு மேலோடு படர்ந்திருக்கும். காய்ந்த மண் என்று எண்ணி மிதித்துவிடுவோம். உண்மையில் நுண்ணுயிர்களும் பாசிகளும் சேர்ந்து பின்னின உயிருள்ள போர்வை அது. காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாமல் அது காக்கிறது, செடிகளுக்கு உரமூட்டுகிறது. நல்ல கோணம் தேடி ஒருவர் பாதையை விட்டு வைக்கிற ஒரு காலடி, அது வளர எடுத்துக்கொண்ட பல பத்தாண்டுகளை ஒரு நொடியில் பொடியாக்கிவிடும். யோபுவின் புஸ்தகம் 38-ஆம் அதிகாரத்தில், மனிதர் ஒருவரும் குடியிராத வனாந்தரத்திலும் மழை பெய்யச் செய்கிறவரைக் குறித்து வாசிக்கிறோம். நாம் பார்க்காத காலத்திலும் அந்த நிலத்தைப் பராமரித்தவர் அவர். பூமி யாருக்குச் சொந்தம் என்பதை 24-ஆம் சங்கீதம் முதல் வசனத்திலேயே தீர்த்துவைக்கிறது. சொந்தக்காரர் இருக்கிற வீட்டில் விருந்தாளி கண்ட இடத்தில் கால் வைப்பதில்லை.

ஆகவே போகிறவர்களுக்கு என் ஆலோசனை இவ்வளவே. ஓரிடத்தை அடைந்ததும் முதல் 10 நிமிடம் கைபேசியைப் பையிலேயே வைத்திருங்கள். கண்ணால் பாருங்கள், படைத்தவருக்கு நன்றி சொல்லுங்கள், பிறகு படம் எடுங்கள். கூட்டத்தில் மெதுவாக நடக்கிறவரின் நடையே எல்லாருடைய நடையாக இருக்கட்டும். அவர் திரும்ப வேண்டும் என்றால் எல்லாரும் திரும்புங்கள். வீட்டுக்கு வந்தபின் சபையில் உங்கள் படங்களைக் காட்டுங்கள். அவற்றில் உங்கள் முகம் இல்லாத படங்களும் இருக்கட்டும். பெரியவர்களே, அந்த மாலையில் தவறாமல் வந்து உட்கார்ந்து, பிள்ளைகள் கண்டதை அவர்கள் வாயிலிருந்தே கேளுங்கள்.

மோசேயின் வனாந்தர வாழ்வு ஒரு காட்சியோடு தொடங்கியதுபோல ஒரு காட்சியோடுதான் முடிந்தது. உபாகமம் 34-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் அவரை நேபோ மலைமேல் ஏறச்செய்து, வாக்குத்தத்த தேசம் முழுவதையும் காட்டுகிறார். அதில் ஓர் அடிகூட மோசே வைக்கப்போவதில்லை. அவர் கையில் எடுத்துச் செல்ல ஒன்றும் இல்லை, பிறருக்குக் காட்டவும் ஒன்றும் இல்லை. ஆனாலும் காட்டினவர் அருகில் இருந்தார், அவருக்கு அது போதுமாயிருந்தது. கண்டதையெல்லாம் கைப்பற்றத் துடிக்கும் இந்த நாட்களில், கண்டு நன்றி சொல்லித் திரும்புகிற கண்களை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே நாம் அவர்களுக்கு விட்டுச்செல்லும் நல்ல ஆஸ்தி.

ஜெபிப்போம்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கின எங்கள் தேவனே, வழியை விட்டுத் திரும்பிப் பார்க்கிற ஆவலை எங்களுக்குத் தாரும். நீர் நிறுத்துகிற இடத்தில் நிற்கிற தாழ்மையையும் தாரும். புறப்பட்டுப் போகிற எங்கள் பிள்ளைகளின் கால்களை இடறாமல் காத்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், நல்ல பிதாவே. ஆமென்.