பாதத்துக்கேற்ற பாதரட்சை

பழகிய பொருளின் உருவத்தை யாரேனும் மாற்றினால் மனிதருக்குக் கோபம் வருவது இயற்கை. வீட்டுத் திண்ணையை இடித்துவிட்டு வராந்தா கட்டினாலே பாட்டிமார்கள் பல நாள் முணுமுணுப்பார்கள். அப்படியிருக்க, மலையேறும் சின்னஞ்சிறு மோட்டார் வண்டி ஒன்றைத் தம் பிள்ளைபோல் பாவித்து வந்தவர்கள், அதன் முகத்தையும் முதுகையும் கம்பெனிக்காரர்கள் மாற்றியமைத்தால் சும்மா இருப்பார்களா? மாருதி ஜிப்ஸியின் இடத்துக்கு ஜிம்னி வந்ததிலிருந்தும், மஹிந்திரா தார் புது வடிவம் எடுத்ததிலிருந்தும் மோட்டார் அபிமானிகளிடையே நடக்கும் வாதப் பிரதிவாதங்கள் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இது பணமும் பொழுதும் உள்ளவர்களின் வெட்டிப் பேச்சு என்று தள்ளிவிடலாம். ஆனால் வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழிற் பிரதேசத்தில் நின்று பார்த்தால் அப்படித் தள்ளிவிட முடியாது. நடுவே பாலாறு, அதையொட்டிச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை, பக்கத்திலே ஜவ்வாது மலையும், 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டிய ஏலகிரியும். சமவெளியில் லாரிகளும் பஸ்களும் வழுக்கிக்கொண்டு ஓட, சில மைல்களுக்கு அப்பால் கல்லும் சேறும் மட்டுமே பாதையாக உள்ள குக்கிராமங்கள் இருக்கின்றன. நான்கு சக்கரங்களுக்கும் விசை பாயும் வண்டி எப்படி அமைய வேண்டும் என்ற கேள்வி இங்கே வாழ்க்கையோடு ஒட்டியது.

ஜிப்ஸி வந்த கதை

ஜப்பானின் சுஸுகி கம்பெனி 1970இல் 360 சி.சி. எஞ்சின் பூட்டிய ஒரு குட்டி ஜீப்பை வெளியிட்டது. அதுவே ஜிம்னி வம்சத்தின் முதல் தலைமுறை. அந்த வம்சத்தின் இரண்டாம் தலைமுறை 1985இல் இந்தியாவில் ஜிப்ஸி என்ற பெயருடன் பிறந்தது. 970 சி.சி. எஞ்சின், சுமார் 45 குதிரை சக்தி. எடையோ ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. 1996இல் 1,300 சி.சி. எஞ்சினோடு 'ஜிப்ஸி கிங்' வந்தது. ராணுவத்தினர் ஆயிரக்கணக்கில் இதை வாங்கினார்கள். போலீஸ் இலாகாவும் வன இலாகாவும் கையாண்டன. இமயமலைப் பந்தயங்களிலே பெரிய எஞ்சின் கொண்ட வண்டிகளுக்கு ஈடு கொடுத்து ஓடிற்று.

அதன் பெருமைக்குக் காரணம் எளிமை. ஏணி வடிவச் சேஸிஸ். முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டைகள். வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கும் தனிக் கியர். மலையடிவாரத்து ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானரும் சுத்தியலும் வைத்துக்கொண்டே மெக்கானிக் ஒருவர் அதைப் பழுது பார்த்து விடலாம். வசதி என்று சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் உட்காருகிறவர்கள் பஸ்ஸின் நீளப் பலகைபோன்ற இருக்கையில் ஒருவரையொருவர் பார்த்தபடி குலுங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஜிப்ஸியை நிறுத்தியது விற்பனைக் குறைவு மட்டுமல்ல, சட்டமும்தான். திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் இறுகிப் போகாமல் காக்கும் ஏ.பி.எஸ். சாதனம் 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று. ஜூலையிலிருந்து ஓட்டுநருக்குக் காற்றுப்பை வேண்டும் என்றும், அக்டோபரிலிருந்து பழைய மாடல்களும் மோதல் சோதனை விதிகளுக்கு உட்பட வேண்டும் என்றும் ஆயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிய மாறுதல் இல்லாமல் ஓடிய உடலமைப்பு இவற்றுக்கு ஈடு கொடுக்கக் கூடியதாக இல்லை. பொதுமக்களுக்கான விற்பனை நின்றது.

இரு கட்சிகள்

2023 ஜூனில் ஐந்து கதவு ஜிம்னி விற்பனைக்கு வந்தது. நீளம் 3,985 மில்லிமீட்டர், தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரம், 1,462 சி.சி. பெட்ரோல் எஞ்சின், நூற்றுக்குச் சற்று மேற்பட்ட குதிரை சக்தி. ஏணிச் சேஸிஸ் உண்டு, தாழ்கியர் உண்டு, ஸ்பிரிங் பட்டை போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்தது. ஆறு காற்றுப்பைகள் எல்லா ரகங்களிலும் உண்டு. அப்போதைய ஆரம்ப விலை 12.74 லட்சம் ரூபாய்.

உடனே அபிமானிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தனர். வெளிநாடுகளில் விற்கும் மூன்று கதவு ஜிம்னியின் அச்சிடை நீளம் 2,250 மில்லிமீட்டர். இங்கே அதை 340 மில்லிமீட்டர் இழுத்து நீட்டியிருக்கிறார்கள். வயிறு நீண்ட வண்டி மேட்டின்மேல் ஏறி இறங்கும்போது அடி தட்டும் என்பது ஒரு கட்சியின் குறை. ஐந்து கதவு வைத்தும் நான்கு பேர்தானே உட்காரலாம், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றும் அவர்கள் கேட்கிறார்கள். மற்றக் கட்சியோ, மனைவி மக்களை ஏற்றிச் செல்ல முடியாத வண்டியை எத்தனை பேர் வாங்குவார்கள், வாங்குவோர் இல்லாவிட்டால் வண்டியே இராதே என்று பதில் சொல்கிறது.

விலையைப் பற்றிய தாவாவும் உண்டு. நான்கு மீட்டருக்குள் அடங்கி, பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்கு மிகாமல் இருந்தால்தான் சிறிய காருக்குரிய வரிச் சலுகை. ஜிம்னி முதல் நிபந்தனையில் தேறி இரண்டாவதில் தவறிவிட்டது. உருவத்தில் சிறியது, வரியில் பெரியது! உள்நாட்டில் அது எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. ஆனால் இந்தியாவில் செய்த அதே ஐந்து கதவு வண்டி 2025 ஜனவரி இறுதியில் ஜப்பானில் 'நோமாட்' என்று அறிவிக்கப்பட்டபோது, சில நாட்களுக்குள் சுமார் 50,000 பேர் பதிவு செய்ய, கம்பெனி பதிவையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. ஓரிடத்தில் குற்றமாகத் தோன்றியது இன்னோரிடத்தில் குணமாயிற்று.

தார் வண்டியின் வரலாறு இன்னும் சுவையானது. மஹிந்திரா கம்பெனி 1947இல் வில்லீஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அந்தப் பரம்பரையில் 2010இல் வந்தது தார். 2020 ஆகஸ்டு 15ஆம் தேதி அதன் புது வடிவம் வெளியாயிற்று. அப்போது கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் ராம்கிருபா அனந்தன் என்ற பெண்மணி. பழைய ஜீப்பின் முரட்டு அழகு போய்விட்டது, உள்ளே கார்போல் ஆகிவிட்டது என்று சிலர் குறைபட்டார்கள். ஆனால் அவ்வாண்டு நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அது 5 நட்சத்திரங்களுக்கு 4 பெற்றது. 2024 ஆகஸ்டில் ஐந்து கதவு 'தார் ராக்ஸ்' வந்தது; பாரத் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரமும் வாங்கிற்று. மூன்று கதவுத் தாரையும் கம்பெனி கைவிடவில்லை. கேட்பவருக்குக் கேட்டதைக் கொடுத்து இரு கட்சியையும் சமாதானப்படுத்திய சாமர்த்தியம் இது.

உலகெங்கும் இதே சச்சரவு

இத்தகைய தகராறு இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானின் சுபாரு கம்பெனி, ராலிப் பந்தயங்களில் புகழ் பெற்ற தன் நான்கு சக்கர விசை இம்ப்ரெசா காரை 2000இல் வட்ட விளக்குகளோடு வெளியிட்டது. பூச்சிக் கண் என்று அபிமானிகள் கேலி செய்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்த முகம் மாற்றப்பட்டது; சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் மாற்றப்பட்டது. வண்டியின் ஓட்டத்தில் யாரும் பெருங்குறை கண்டாரில்லை, கண்தான் பிடிக்கவில்லை.

இங்கிலாந்திலே லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் பழைய வடிவம் 2016 ஜனவரியுடன் நின்றது. 2019இல் வந்த புதியதில் தனிச் சேஸிஸ் கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றே. பழைய வடிவம் நின்றதைப் பொறுக்காத ஜிம் ராட்கிளிஃப் என்னும் கோடீஸ்வரர், பழைய தோற்றத்தை நினைவூட்டும் 'கிரெனடியர்' என்ற வண்டியைச் செய்யத் தாமே ஒரு மோட்டார் கம்பெனியைத் தொடங்கிவிட்டார். எல்லா அபிமானிகளுக்கும் அந்த வசதி வாய்க்காது. ஆகவே மற்றவர்கள் வாதம் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள்.

காலும் செருப்பும்

இந்த விவகாரத்தில் நியாயம் எங்கே இருக்கிறது என்று அறிய ஆம்பூர்க்காரர்கள் வெளியே போக வேண்டியதில்லை. அவர்களுடைய தொழிலிலேயே விடை இருக்கிறது. பூட்ஸ் தைப்பதற்கு முதலில் பாதத்தின் வடிவில் ஓர் அச்சுக்கட்டை வேண்டும். அதன்மேல்தான் மேல்தோலை இழுத்துப் பிடித்து அடித்தோலோடு சேர்க்கிறார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் பருவத்துக்கொரு மோஸ்தர் கேட்கிறார்கள். முனை கூராகிறது, அகலமாகிறது, நிறம் மாறுகிறது, தையல் மாறுகிறது. ஆனால் ஐந்து விரலும் குதிகாலும் மாறுவதில்லை. பார்வைக்கு அழகாயிருந்து விரலை நசுக்கும் பூட்ஸை, எத்தனை உயர்ந்த தோலில் தைத்தாலும் நல்ல பூட்ஸ் என்று எந்தத் தொழிலாளியும் சொல்லமாட்டார்.

வண்டிக்கும் இதே நீதிதான். விளக்கு வட்டமா சதுரமா, இருக்கைக்கு உண்மைத் தோலா செயற்கைத் தோலா, திரை பெரியதா சிறியதா என்பனவெல்லாம் மோஸ்தர். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் திறன், மோதினால் உள்ளிருப்பவர் உயிரோடு வெளியே வரும் பத்திரம், பழுதானால் அருகிலேயே சரிசெய்யும் எளிமை ஆகியவை பாதம். அபிமானிகளின் வாதத்தில் பெரும்பகுதி மோஸ்தரைப் பற்றியதாகவும், சிறு பகுதியே பாதத்தைப் பற்றியதாகவும் இருப்பதுதான் வருத்தத்துக்குரியது.

பாதம் எத்தகையது என்பதை வேலூர் ஜில்லா மறக்க முடியாது. 2023 மே மாதத்தில், அணைக்கட்டு தாலுகா அல்லேரி மலையைச் சேர்ந்த குக்கிராமம் ஒன்றில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. அது மட்டுமல்ல, திரும்பும்போதும் ஆம்புலன்ஸ் பாதி வழிக்கு மேல் போக முடியாமல் நின்றுவிட, பெற்ற தாயே பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடந்தாள். நாடே தலைகுனிந்த சம்பவம் அது. நான்கு சக்கரங்களுக்கும் விசை பாயும் வண்டி யாருக்கு முதலில் தேவை என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது.

ஆகவே பழமையை விரும்புவோர் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜிப்ஸியின்மேல் உள்ள பாசம் நல்ல பாசமே. ஆனால் காற்றுப்பையில்லாத, பின்னிருக்கையில் பெல்ட்டுக்கு வழியில்லாத வண்டியை நெடுஞ்சாலையில் மறுபடியும் ஓட்ட வேண்டும் என்று கேட்பது பாசமாகாது. மனிதர் உயிரைக் காக்கும் பொருட்டு வந்த மாற்றத்தை, அழகு கெட்டது என்று பழிப்பது தகாது.

புதுமையை விற்போரும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்திரத்துக்காக வண்டி கனப்பதைப் புரிந்துகொள்ளலாம். பகட்டுக்காகக் கனப்பதை ஏற்க முடியாது. மஹிந்திரா 2023 ஜனவரியில் தார் வண்டியை இரு சக்கர விசையோடு, குறைந்த விலையில் விற்க முன்வந்தது. வாங்குவோரில் பலருக்குத் தோற்றம் போதும், மலையேற்றம் வேண்டாம் என்பதற்கு அதுவே சான்று. வியாபாரம் என்ற முறையில் அதில் குற்றமில்லை. ஆனால் தோற்றத்துக்கு மலிவு விலையும், உண்மையில் ஏறும் வண்டிக்கு எட்டாத விலையும் என்றாகிவிட்டால், மலையில் வாழ்பவன் கீழே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதாகும்.

சர்க்காருக்கும் இதில் பங்கு உண்டு. மலைக்கிராமத்துக்குச் சாலை போடுவதே முதல் கடமை; எந்த வண்டியும் சாலைக்கு ஈடாகாது. சாலை வரும்வரை, அங்கே நோயாளியை ஏற்றிவரும் வண்டி நான்கு சக்கர விசை கொண்டதாக இருக்க வேண்டும். அத்தகைய சிறு வண்டிகளுக்கு எஞ்சின் அளவை மட்டும் பார்த்து வரி போடாமல், அவை செய்யும் வேலையையும் பார்த்து வரி போடலாம். நகரத்து வீதியில் உல்லாசமாகப் போகும் வண்டியும், ஜவ்வாது மலையில் பிரசவ வேதனைப்படும் பெண்ணை இறக்கிக் கொண்டுவரும் வண்டியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

மோட்டார் அபிமானிகளுக்கு வண்டிகளைப் பற்றிய ஞானம் நிரம்ப உண்டு. கம்பெனிகளும் அவர்கள் குரலுக்குச் செவி சாய்க்கின்றன. வட்ட விளக்கை மாற்ற வைத்த அந்தக் குரல், மலைக்கு ஏறக்கூடிய, எளியவர் வாங்கக்கூடிய, பத்திரமான ஒரு சிறு வண்டியைக் கேட்கவும் பயன்பட்டால் அவர்களுடைய வாதத்தால் நாட்டுக்கு நன்மை உண்டாகும்.